மறைந்திருக்கும் கோப்புறைகள்: கணினியில் மறைத்தலின் வரலாறு

கணினியின் சேமிப்பகத்தில் இருந்தும், வழக்கமான பட்டியலில் பயனருக்குக் காட்டப்படாத கோப்பு மறைகோப்பு எனப்படும். போல்டர் என்று பரவலாக அழைக்கப்படும் கோப்புறை அவ்வாறு இருந்தால் அது மறைகோப்புறை. இயங்குதளம் தன் வேலைக்கு வைத்திருக்கும் பொருள்களைப் பயனர் தவறுதலாக அழித்துவிடக் கூடாது என்பதும், அன்றாட வேலைக்குத் தேவையில்லாத பெயர்கள் கண்முன் குவியக் கூடாது என்பதும் இதன் நோக்கங்கள்.

ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் வீடுகளில் இவ்வசதியின் பயன் எளிதில் விளங்கும். பெற்றோர், பிள்ளைகள், தாத்தா பாட்டி என எல்லோரும் திறக்கும் கணினியில் பெயர் தெரியாத கோப்புறை ஒன்று தென்பட்டால், அதை "வேண்டாத குப்பை" என்று யாரேனும் ஒருவர் நீக்கிவிடக்கூடும். எனினும் மறைத்தல் என்பது பூட்டுதல் அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதால் நேர்ந்த இழப்புகளும், அவற்றிலிருந்து இயங்குதளங்கள் கற்ற பாடங்களுமே மறைகோப்புகளின் வரலாறு.

ஒரு புள்ளியில் தொடங்கிய வழக்கம்

பெயரின் முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் அக்கோப்பைப் பட்டியலில் காட்டாமல் விடுவது யூனிக்ஸ் மரபு. இது அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1970களின் தொடக்கத்தில் உருவானது. அங்கே கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் இயங்குதளத்தை எழுதிவந்தனர். அதன் கோப்பு முறைமை மரம்போல் கிளைவிடும் வடிவம் பெற்றபோது, ஒவ்வொரு கோப்புறையிலும் இரண்டு சிறப்புப் பெயர்கள் இடம்பெற்றன. ஒற்றைப் புள்ளி அதே கோப்புறையைக் குறித்தது. இரட்டைப் புள்ளி அதற்கு மேலுள்ள கோப்புறையைக் குறித்தது.

கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையை இயக்கும்போதெல்லாம் இவ்விரண்டும் தோன்றித் தொந்தரவு கொடுத்தன. இவற்றை மட்டும் விலக்க, பெயரின் முதல் எழுத்து புள்ளியா என்று சோதிக்கும் சிறிய நிரல்துண்டு ஒன்று சேர்க்கப்பட்டது. முழுப்பெயரையும் ஒப்பிடாமல் முதல் எழுத்தை மட்டும் பார்த்ததால், புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயர்களும் பட்டியலிலிருந்து மறைந்தன. பிற்காலத்தில் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ராப் பைக் இந்நிகழ்வை 2012இல் விவரித்தார். மறைகோப்பு என்ற கருத்தை யாரும் திட்டமிடவில்லை, அது எதிர்பாராமல் வந்த விளைவு என்பது அவர் முடிவு.

இந்த இடுக்கைக் கண்டுகொண்ட நிரலர்கள் தங்கள் மென்பொருளின் அமைப்புக் கோப்புகளுக்குப் புள்ளியில் தொடங்கும் பெயர்களை இட்டனர். ஆண்டுகள் செல்லச் செல்ல, பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் இத்தகைய கோப்புகள் பெருகின. யாருக்கும் தெரியவில்லை என்பதால் யாரும் ஒழுங்குபடுத்தவும் இல்லை. லினக்ஸ் மேசைத்தளங்களில் இவற்றை ஒருசில இடங்களில் தொகுத்து வைப்பதற்கான பொதுவிதிகள் 2003இல்தான் வகுக்கப்பட்டன. ஒழுங்குக்காக மறைத்தது ஒழுங்கின்மைக்கே இடம் கொடுத்தது என்பது இதில் தெரியும் முதல் பாடம்.

சிபி/எம், டாஸ்: ஒரு பைட்டின் இரண்டு பிட்டுகள்

சிறு கணினிகளில் மறைத்தல் தற்செயலாக வரவில்லை, திட்டமிட்டே வந்தது. கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளத்தின் இரண்டாம் பதிப்பில் ஒரு கோப்புக்கு 'சிஸ்டம்' என்னும் பண்பை அளிக்க முடிந்தது. அப்பண்பு பெற்ற கோப்பு 'டிர்' கட்டளையின் பட்டியலில் வராது. ஆனால் பெயரைச் சொல்லி அழைத்தால் இயங்கும்.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டது. அதற்கான டாஸ் இயங்குதளம், டிம் பேட்டர்சன் எழுதிய 86-டாஸ் என்பதிலிருந்து வளர்ந்தது. வட்டில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் நீளமுள்ள ஒரு பதிவு உண்டு. பெயர், அளவு, தேதி ஆகியவற்றோடு கோப்பின் பண்புகளும் அதில் அடங்கும். பதிவின் 12ஆவது பைட் பண்புகளுக்கானது. அதிலுள்ள ஒரு பிட் 'மறை' என்பதையும், அடுத்த பிட் 'சிஸ்டம்' என்பதையும் குறிக்கும். இயங்குதளத்தின் இரண்டு அடிப்படைக் கோப்புகளுக்கு இவ்விரு பண்புகளும் இடப்பட்டன. மைக்ரோசாப்ட் பதிப்புகளில் அவற்றின் பெயர்கள் ஐஓ.சிஸ், எம்எஸ்டாஸ்.சிஸ் என்பன.

இதற்குத் தகுந்த காரணம் இருந்தது. நெகிழ்வட்டில் உள்ள எல்லாவற்றையும் அழிக்க 'டெல் *.*' என்று தட்டச்சு செய்து ஆம் என்றால் போதும். ஆனால் மறைகோப்புகளை அக்கட்டளை தொடாது. கைதவறிய பயனரின் கணினி மறுநாளும் உயிர்பெற்றது அந்த இரண்டு பிட்டுகளால்தான்.

அதே வேளையில் குழப்பமும் பிறந்தது. காலியாகத் தெரியும் கோப்புறையை நீக்க முயன்றால், அது காலியாக இல்லை என்று கணினி மறுக்கும். வட்டைச் சோதிக்கும் 'செக்டிஸ்க்' கட்டளையோ மறைகோப்புகள் இத்தனை உள்ளன என்று எண்ணிக்கையை மட்டும் சொல்லும்; பெயர்களைச் சொல்லாது. மறைப்பதற்கும் வெளிக்காட்டுவதற்கும் பயனர்கள் பிறர் எழுதிய மென்பொருள்களை நாட வேண்டியிருந்தது. பீட்டர் நார்ட்டன் 1982இல் வெளியிட்ட கருவித் தொகுப்பில் கோப்புகளை மறைப்பதற்கென்றே ஒரு நிரல் இருந்தது. டாஸின் 'ஆட்ரிப்' கட்டளைக்கு மறை, சிஸ்டம் பண்புகளை மாற்றும் ஆற்றல் 1991இல் வெளியான ஐந்தாம் பதிப்பில்தான் கிடைத்தது. தன் கணினியில் இருப்பது என்ன என்று பார்க்கும் வழி, இயங்குதளத்தின் பகுதியாகவே பயனர் கைக்கு வரப் பத்தாண்டுகள் ஆயின.

வீட்டுக் கணினியும் விண்டோசும்

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபின் கணினி வேகமாக வீடுகளுக்குள் நுழைந்தது. கட்டளைகளை மனப்பாடம் செய்யாதவர்களும் சுட்டியால் கோப்புறைகளைத் திறந்து உலவினர். வசதி கூடியதுபோல ஆபத்தும் கூடியது. ஆகவே விண்டோஸ் எக்ஸ்புளோரர், டிஎல்எல் போன்ற சில வகைக் கோப்புகளைத் தானாகவே மறைத்தது. பழக்கமான கோப்பு வகைகளின் பெயருக்குப் பின்வரும் நீட்டிப்பையும் காட்டாமல் விட்டது.

விண்டோஸ் 98 இன்னொரு வழியைக் கையாண்டது. விண்டோஸ் கோப்புறையைத் திறந்தவுடன் கோப்புகள் தோன்றுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை தோன்றும். இதிலுள்ளவற்றை மாற்றினால் மென்பொருள்கள் சரியாக இயங்காமல் போகலாம் என்பது அதன் சாரம். அதன் பிறகும் பார்க்க விரும்புவோர் அதற்கான இணைப்பைச் சொடுக்க வேண்டும். 2001 அக்டோபரில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி, சி டிரைவைத் திறக்கும்போதே இத்தகைய திரையைக் காட்டியது.

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான விண்டோஸ் 2000இல் மறைத்தல் இரண்டு அடுக்குகளாகப் பிரிந்தது. 'மறை' பண்பு மட்டும் உள்ளவை முதல் அடுக்கு. 'மறை', 'சிஸ்டம்' ஆகிய இரண்டும் உள்ளவை 'பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகள்' என்னும் இரண்டாம் அடுக்கு. மறைகோப்புகளைக் காட்டு என்று பயனர் கேட்டாலும் இரண்டாம் அடுக்கு வெளியே வராது. அதற்கென்று தனியே உள்ள குறியை நீக்கி, எச்சரிக்கைக்கு ஆம் என்று சொன்னால்தான் அவை தெரியும். டாஸ் காலத்தின் அதே இரண்டு பிட்டுகள், 20 ஆண்டுகளுக்குப் பின் புதிய பொருள் பெற்றன.

தெரியாததைக் கண்ட அச்சம்

பயனருக்குத் தன் கணினியின் உள்ளமைப்பு அறிமுகமில்லாதபோது அவர் அறியாமையையே ஆயுதமாக்க முடியும் என்பதை 2001இல் பரவிய ஒரு வதந்தி காட்டியது. சல்ஃப்என்பிகே என்ற கோப்பு உங்கள் கணினியில் இருந்தால் அது நச்சுநிரல், உடனே அழித்துவிடுங்கள், நண்பர்களுக்கும் சொல்லுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் சுற்றியது. தேடிப் பார்த்தவர்கள் அக்கோப்பு தம் கணினியிலும் இருப்பதைக் கண்டு அதிர்ந்து அழித்தனர். உண்மையில் அது விண்டோஸ் 98உடன் வந்த கோப்பு. நீண்ட கோப்புப் பெயர்களை மீட்டெடுக்க உதவும் கருவி.

மறு ஆண்டே இன்னொரு வதந்தி கிளம்பியது. இம்முறை குறிவைக்கப்பட்டது ஜாவா நிரல்களின் பிழைதிருத்தத்துடன் தொடர்புடைய ஒரு மைக்ரோசாப்ட் கோப்பு. அதன் சின்னம் ஒரு கரடிப் பொம்மை. இயங்குதளத்தின் கோப்புக்கு இப்படியொரு படம் இருக்குமா என்ற ஐயமே மின்னஞ்சலை நம்பப் போதுமானதாயிற்று. இவ்விரு நிகழ்வுகளிலும் நச்சுநிரல் என்று எதுவும் இல்லை. கோப்பை அழித்தது பயனரின் கையே. கணினியின் உட்புறத்தைக் காட்டாமலே பழக்கியதன் விலை இது எனலாம். பார்த்துப் பழகாத பொருளில் எது இயல்பு, எது ஐயத்துக்குரியது என்று பிரித்தறிய ஒருவருக்கு வழியில்லை.

திரைக்குப் பின்னால் புகுந்தவர்கள்

பயனரைக் காக்கப் போட்ட திரைக்குப் பின்னால் பிறரும் ஒளிந்துகொள்ளலாம். 2000 மே மாதத்தில் உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' நச்சுநிரல், காதல் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சல் இணைப்பாக வந்தது. அதன் பெயரில் இரண்டு நீட்டிப்புகள் இருந்தன. உண்மையான நீட்டிப்பு இறுதியில் வரும் 'விபிஎஸ்'. அது இயங்கக்கூடிய நிரலைக் குறிக்கும். விண்டோஸ் அந்தக் கடைசி நீட்டிப்பை மறைத்துவிட்டதால், சாதாரண உரைக்கோப்பைக் குறிக்கும் 'டிஎக்ஸ்டி' மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தது. கடிதம் என்று நினைத்துத் திறந்தவர்கள் நிரலை இயக்கினர்.

2005 அக்டோபர் 31 அன்று கணினி ஆய்வாளர் மார்க் ருசினோவிச் வெளியிட்ட கண்டுபிடிப்பு வேறு வகையானது. சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசைக் குறுந்தகடு ஒன்றைக் கணினியில் இட்டபோது, நகலெடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் ஒன்று நிறுவப்பட்டு இயங்குதளத்தின் ஆழத்தில் ஒளிந்துகொண்டது. குறிப்பிட்ட எழுத்துத் தொடரில் தொடங்கும் பெயருடைய எந்தக் கோப்பையும் அது மறைத்தது. எக்ஸ்புளோரரின் எந்த அமைப்பை மாற்றினாலும் அக்கோப்புகள் தெரியவில்லை. சில நாட்களிலேயே வேறு நச்சுநிரல்கள் அதே எழுத்துத் தொடரைத் தம் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டு அதே மறைவிடத்தைப் பயன்படுத்தின. கடும் எதிர்ப்புக்குப் பின் அந்நிறுவனம் நவம்பரில் தன் குறுந்தகடுகளைத் திரும்பப் பெற்றது. கணினி யாருடையது, அதில் எதை யாரிடமிருந்து மறைக்க யாருக்கு உரிமை உண்டு என்ற கேள்வி அன்று வெளிப்படையாக எழுந்தது.

பென் டிரைவும் காணாமற்போன கோப்புறைகளும்

2008 நவம்பரில் தோன்றிய கான்ஃபிக்கர் புழு, பின்வந்த வடிவங்களில் பென் டிரைவ் வழியாகவும் பரவியது. விண்டோஸ் குப்பைத்தொட்டியின் பெயரை ஒத்த மறைகோப்புறைக்குள் அது தன் நகலை வைத்தது. பயனர் மறைகோப்புகளைக் காட்டச் சொன்னாலும் அவை தெரியாதபடி விண்டோசின் அமைப்பையே அது மாற்றிவிட்டது. இயங்குதளம் தந்த திரை இப்போது முழுமையாக எதிராளியின் கையில் இருந்தது.

அக்காலத்தில் தமிழ்நாட்டின் இணைய மையங்களிலும் அச்செடுக்கும் கடைகளிலும் மாணவர்கள் பலர் சந்தித்த தொல்லை, 'ஷார்ட்கட் வைரஸ்' என்று வழங்கப்பட்ட நச்சுநிரல் வகை. அது பென் டிரைவில் உள்ள கோப்புறைகளுக்கு மறை, சிஸ்டம் ஆகிய இரு பண்புகளையும் இட்டுவிட்டு, அதே பெயர்களில் குறுக்குவழிகளை உருவாக்கும். குறுக்குவழியைச் சொடுக்கினால் நச்சுநிரல் இயங்கி அடுத்த கணினிக்குத் தாவும். குறுக்குவழிகளை நீக்கினால் பென் டிரைவ் காலியாகத் தெரியும். கோப்புகள் அழிந்துவிட்டன என்று எண்ணி வட்டை வடிவமைப்புச் செய்தவர்கள், அதாவது ஃபார்மட் செய்தவர்கள், அழியாமல் இருந்த தங்கள் செய்முறை அறிக்கைகளையும் படங்களையும் தாங்களே அழித்தனர்.

அறிந்தவர்கள் மட்டும் நிரம்பியுள்ள இடத்தின் அளவைப் பார்த்தனர். கோப்புகள் எதுவும் தெரியவில்லை. ஆனால் இடம் நிரம்பியிருக்கிறது என்றால் அவை மறைந்துதான் இருக்கின்றன. 'சிஸ்டம்' பண்பும் சேர்ந்திருந்ததால், கோப்புறையின் பண்புகள் பெட்டியில் 'மறை' என்ற கட்டத்தை மாற்ற இயலாது. 1991இல் ஆற்றல் பெற்ற பழைய 'ஆட்ரிப்' கட்டளையே கைகொடுத்தது. கறுப்புத் திரையில் ஒரே வரியைத் தட்டியதும் கோப்புறைகள் திரும்ப வந்தன. செருகியவுடன் பென் டிரைவிலிருந்து நிரல் தானாக இயங்கும் வசதியை விண்டோஸ் 7 நீக்கியது. பழைய பதிப்புகளுக்கான மாற்றத்தை 2011 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் இற்றைப்படுத்தல் வழியாக அனுப்பியது.

மறைவு வேறு, பூட்டு வேறு

பென் டிரைவில் இது ஏன் இவ்வளவு எளிதாயிற்று? அங்கே பெரும்பாலும் பயன்பட்டது டாஸ் காலத்து ஃபேட் கோப்பு முறைமை. அதில் மறை என்ற பண்பு உண்டு. எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்ற அனுமதிப் பட்டியல் கிடையாது. விண்டோஸ் என்டி 1993இல் கொண்டுவந்த என்டிஎஃப்எஸ் முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளரும் அனுமதிகளும் உண்டு.

'சிஸ்டம் வால்யூம் இன்பர்மேஷன்' என்ற கோப்புறை இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும். கணினியைப் பழைய நிலைக்கு மீட்பதற்கான தகவல்களை விண்டோஸ் அதில் வைக்கிறது. ஃபேட் வட்டில் அது வெறுமனே மறைந்திருக்கும். மறைவை நீக்கியவர் உள்ளே செல்லலாம். என்டிஎஃப்எஸ் வட்டில் கண்ணுக்குத் தெரிந்தாலும் சாதாரணப் பயனரால் திறக்க முடியாது. முதலாவது திரை, இரண்டாவது கதவு.

எக்ஸ்பி இக்கதவை வீடுகளுக்குக் கொண்டுவந்தது; ஆனால் நிறுவும்போது உருவாக்கப்படும் பயனர் கணக்குகள் எல்லாம் நிர்வாகி உரிமையுடனே அமைந்தன. வீட்டில் எல்லோர் கையிலும் சாவி இருந்தது. 2007 ஜனவரியில் பொதுப் பயனர்களுக்கு வெளியான விஸ்டா, முக்கிய மாற்றங்களுக்கு முன் நிர்வாகியின் ஒப்புதலைக் கேட்கத் தொடங்கியது. 'புரோகிராம்டேட்டா', 'ஆப்டேட்டா' ஆகிய மறைகோப்புறைகளும் அப்பதிப்பிலேயே வந்தன.

ஆப்பிள் நிறுவனமும் இவ்வழியே சென்றது. 2011 ஜூலையில் வந்த லயன் பதிப்பு, அதுவரை வெளிப்படையாக இருந்த பயனரின் 'லைப்ரரி' கோப்புறையை மறைத்தது. 2015இல் வந்த எல் கேப்பிட்டன் பதிப்பு, இயங்குதளக் கோப்புறைகளை நிர்வாகியாலும் எளிதில் மாற்ற முடியாதபடி பூட்டியது. 2007இல் வந்த ஐபோனிலோ கோப்புறைகளைப் பார்க்கும் செயலியே இல்லை. ஆப்பிளின் 'ஃபைல்ஸ்' செயலி 2017இல்தான் வந்தது. ஆண்ட்ராய்டில் யூனிக்சின் புள்ளி இன்னும் வாழ்கிறது. வாட்ஸ்அப்பில் பார்த்த நிலைத்தகவல் படங்கள் புள்ளியில் தொடங்கும் கோப்புறைக்குள் சேர்வதால் படத்தொகுப்பில் அவை தோன்றுவதில்லை. ஆயினும் 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11, ஒரு செயலியின் தரவுக் கோப்புறைக்குள் மற்றச் செயலிகள் நுழைவதைத் தடுத்தது. எல்லாத் தளங்களும் திரையிலிருந்து கதவை நோக்கி நகர்ந்திருப்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன.

குடும்பக் கணினியில் இதன் பயன்

விண்டோஸ் கணினியில் அறிமுகமில்லாத கோப்புறைகள் தென்படுகின்றன என்றால், மறைகோப்புகளைக் காட்டும் அமைப்பை யாரோ மாற்றியிருக்கலாம். அவற்றை நீக்குவது தீர்வாகாது. அந்த அமைப்பை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் அவை பார்வையிலிருந்து அகலும். விண்டோஸ் 11இல் எக்ஸ்புளோரரின் 'வியூ' பட்டியலில் 'ஷோ' என்ற பிரிவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்ற குறி உள்ளது. பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் குறி எப்போதும் இருப்பது நல்லது. கோப்பு நீட்டிப்புகளை மட்டும் காட்டச் செய்வது பயன்தரும். காதல் கடிதத்தின் பாடம் அது.

பிறர் பார்க்கக் கூடாத வங்கி விவரங்களையோ சொந்த ஆவணங்களையோ 'மறை' என்று குறியிட்டு வைப்பது பாதுகாப்பாகாது. ஒரே சொடுக்கில் அவை வெளிப்படும். அவற்றுக்கு வேண்டியது ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கும் கடவுச்சொல்லும். நிர்வாகி உரிமை ஒருவரிடம் மட்டும் இருந்தால், பிள்ளைகள் விளையாட்டாகச் செய்யும் செயலும் இயங்குதளத்தைப் பாதிக்காது. அழிந்தாலும் மீட்கப் படிகள் வேறொரு வட்டில் இருக்க வேண்டும்.

மறைக்கப்பட்டவை எவை, ஏன் மறைக்கப்பட்டன என்பதை வீட்டில் ஒருவரேனும் அறிந்திருப்பதே இவையனைத்திலும் முதன்மையானது. பென் டிரைவ் காலி என்று தோன்றியபோது நிரம்பிய இடத்தின் அளவைப் பார்த்தவரின் கோப்புகள் பிழைத்தன. பார்க்கத் தெரியாதவரின் கோப்புகள் அவர் கையாலேயே அழிந்தன.